ஃபாதர் அமரச் சொன்னார்

நற்செய்தி வாசித்து முடித்ததும் ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டு, "அமருங்கள்" என்றார். கோயில் முழுக்க மடமடவென்று உட்கார்ந்தது. எல்லாம் புது பெஞ்சுகள். வார்னிஷ் வாசனை இன்னும் போயிருக்கவில்லை. மே மாத வெக்கையில் அது லேசாக இளகி, உட்கார்ந்தவர்களின் முதுகுத் துணியை விடாமல் பிடித்துக்கொண்டது.

பெண்கள் பக்கத்தில் நடுவிலிருந்த இரண்டு வரிசை மட்டும் உட்காரவில்லை. எல்லாருக்கும் ஒரே ஊதா நிறச் சேலை, இடது தோளில் கடைப் பெயர் போட்ட பேட்ஜ். காந்திபுரத்து ஜவுளிக்கடை ஒன்றின் விற்பனைப் பெண்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் நானும் நின்றேன்.

ஃபாதர் மைக்கை வாய்க்கு அருகே இழுத்து, இன்னொரு தடவை, "அமருங்கள்" என்றார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். யாரும் அசையவில்லை.

முன்வரிசையில் இருந்த முதலாளி திரும்பிப் பார்த்தார். தனக்கு மரியாதை செய்யத்தான் தன் கடைப் பெண்கள் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, போதும் போதும் என்பதுபோலத் தலையசைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நற்செய்திக்கும் மறையுரைக்கும் நடுவில் சிரிப்பது பாவக் கணக்கில் வருமா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு நல்ல முதலாளி

போன வாரம் இந்தப் பத்தியில், மில் விடுதியில் நான் இருந்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போன் செய்தார். "ஏனுங்க அம்மணி, எப்பப் பாத்தாலும் முதலாளிகளைத் திட்டியே எழுதறீங்க. ஒருக்காவாச்சும் நல்ல முதலாளி ஒருத்தரைப் பத்தி எழுதப்படாதுங்களா?" என்று வருத்தப்பட்டார்.

நியாயமான கேள்விதான். அதனால் இந்த வாரம் ஒரு நல்ல முதலாளி.

பெயர் வேண்டாம். முதலாளி என்றே சொல்கிறேன், அவருக்கும் அதுதான் பிடிக்கும். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். மாதா சிலை இருக்கும் கெபிக்கு மார்பிள் போட்டது அவர், மணிக்கூண்டுக்கு லைட் போட்டது அவர். கடைசியாகக் கோயிலுக்குத் தேக்கு பெஞ்சுகள் செய்து கொடுத்தார். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதைப் படித்தவர்தான். இடது கைக்குத் தெரியாமல் ஊருக்கெல்லாம் தெரியவைப்பது எப்படி என்பதை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

கடைப் பெண்களைக் குழந்தைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அதுவும் உண்மை. பாத்ரூம் போவதென்றால்கூட அந்தந்த மாடி சூபர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

காலையில் கடை திறக்குமுன் வந்து நின்றால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கவேண்டும். வாடிக்கையாளர் இருந்தாலும் நிற்கவேண்டும், ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்கவேண்டும். சுவரில் சாயக்கூடாது. சேலை வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட நாற்காலி, கூட வருகிற கணவர்களுக்குச் சோபா, குளிர்ந்த பாதாம் பால். எதிரே நின்று விரித்துக் காட்டுகிறவளுக்குத் தரை.

ஸ்டூல் வந்தது

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியபோது, எங்கள் குழு அதைக் கேக் வெட்டிக் கொண்டாடியது.

எங்கள் குழு என்பது பங்கின் தொழிலாளர் குழு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் கூடுவோம். ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பீட்டர் அண்ணன் செயலாளர். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் நான் துணைச் செயலாளர், அதாவது டீ வாங்கிவருகிறவள். கௌரவமான வேலை, பெண்ணுரிமை, வறுமை ஒழிப்பு மூன்றும் எங்கள் பேனரில் எழுதியிருக்கும். மடித்து மடித்து வைத்ததில் வறுமை ஒழிப்பு மட்டும் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

பார்த்தல், சிந்தித்தல், செயல்படுதல் என்பது எங்கள் வழிமுறை. முதல் இரண்டில் எங்களை யாரும் மிஞ்சமுடியாது. ஒருமுறை ஆர்.எஸ்.புரத்தில் ஏசி ஹால் பிடித்து வறுமை ஒழிப்புக் கருத்தரங்கு நடத்தினோம். மதியம் இரண்டு வகை இனிப்போடு சாப்பாடு. அன்று முழுக்க வறுமை அந்த ஹாலின் வாசலைக்கூட எட்டிப்பார்க்கவில்லை. அந்த அளவுக்கு வெற்றி.

கேக் வெட்டிய மறுவாரம் குழுவுக்கு ரீத்தா வந்தாள். முதலாளியின் கடையில் பட்டுச் சேலை மாடியில் நிற்பவள். முப்பது வயதுதான் இருக்கும், நடக்கும்போது வலது காலை லேசாக இழுத்துக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புழு மாதிரிச் சுருண்டு நீலம் பாரித்திருந்தன.

"ஸ்டூல் வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டேன்.

"வந்துருச்சுங்கக்கா. மாடிக்கு ஒண்ணு."

"மாத்தி மாத்தி உக்காந்துக்கறீங்களா?"

"எங்கீங்க. அதுல பொம்மை உக்காந்திருக்குதுங்க."

நான் நம்பவில்லை. மறுநாளே சேலை பார்க்கிற சாக்கில் போனேன். உண்மைதான். புத்தம்புது ஸ்டூலில் அரக்குப் பட்டு உடுத்தி, நெத்திச்சுட்டி வைத்து, கால்மேல் கால் போட்டு ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. சோதனைக்கு வருகிறவர் கேட்டால் ஸ்டூல் இருக்கிறது என்று காட்டவேண்டும் இல்லையா. அந்த மாடியில் வேலை செய்கிறவர்களில் அந்தப் பொம்மைக்குத்தான் சட்டம் முழுசாகக் கிடைத்திருந்தது.

முதலில் சேலை

சித்திரை பிறந்திருந்த சமயம். முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்ததால் கடையில் நிற்க இடமில்லை. சென்னிமலையிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. ரீத்தா காலையிலிருந்து அவர்களுக்கு விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நடந்ததைச் சொன்னவள் ஈஸ்வரி. ரீத்தாவோடு அதே மாடியில் நிற்கிறவள், கவுண்டம்பாளையத்துக்காரி, பேச்சில் பயம் என்பதே கிடையாது.

கல்யாணப் பெண்ணின் அம்மாதான் முதலில் பார்த்திருக்கிறார். "ஏம்மணி, உன்ற கால்ல என்ன ரத்தம்?" என்று கேட்டிருக்கிறார். ரீத்தா குனிந்து பார்த்தால், கணுக்காலுக்கு மேலே நரம்பு வெடித்து ரத்தம் செருப்பில் இறங்கித் தரைவரைக்கும் வந்துவிட்டது. வலியே தெரியவில்லையாம், கால் அப்படி மரத்துப்போயிருந்தது.

சூபர்வைசர் ஓடிவந்தார். ஓடிவந்தவர் கீழே சரிந்திருந்த சேலையை எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கரையை, முந்தானையை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவர் விட்ட பெருமூச்சு பக்கத்துக் கவுண்டர்வரை கேட்டதாம். அதற்குள் பெண்ணின் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுக்க, பெண்ணின் அம்மா தரையில் உட்கார்ந்து ரீத்தாவின் காலை அழுத்திக் கட்டினார்.

ரீத்தா பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். ஆபரேஷன் பண்ணவேண்டும், அதுவரை நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்ப ஊட்டுல படுத்துக்க, வேற ஆளைப் போட்டுக்கறோம்" என்று சூபர்வைசர் சொல்லியிருந்தார். இரண்டு பேருமே தெளிவாகத்தான் சொன்னார்கள்.

பொன்னாடைக்குக் கூட்டம்

நானும் பீட்டர் அண்ணனும் ஃபாதரைப் போய்ப் பார்த்தோம். இளைஞர். நன்றாகப் பாடுவார், நல்ல மனசு. யாரையும் புண்படுத்தக்கூடாது என்பதே அவருடைய கவலை, அதிலும் பெஞ்சு கொடுத்தவர்களை.

"நேரம் பாத்து நானே பேசறேன்" என்றார். "மே முதல் தேதி தொழிலாளர் திருநாள் வருது. முதலாளிக்கு அன்னிக்குப் பொன்னாடை போத்தறோம். அவர் மனசு குளிர்ந்திருக்கும்போது சொன்னா நல்லது."

இயேசுவை வளர்த்த, தச்சுவேலை செய்த சூசையப்பரின் திருநாளில், தொழிலாளர் தினத்தில், முதலாளிக்குப் பொன்னாடை. தச்சருக்கு மாலை போட்டுவிட்டுப் பெஞ்சு வாங்கிக்கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது. கோயில் காரியங்களை முடிவுசெய்கிற பங்குப் பேரவையில் இதை முன்மொழிந்தவரும் ஆண், வழிமொழிந்தவரும் ஆண். பெண்களுக்கும் பொறுப்பு தந்திருந்தார்கள். பீடத்துக்குப் பூ ஜோடிப்பது.

கைதட்டக் கூட்டம் வேண்டுமே என்று முதலாளி தன் கடைப் பெண்கள் எல்லாரையும், இந்துப் பெண்களையும் சேர்த்து, கடை வேனில் கோயிலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். பூசை முடிந்ததும் அதே வேனில் கடைக்குப் போய்விட வேண்டும். மே தினமாக இருந்தால் என்ன, முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்கிறவர்கள் காத்திருப்பார்களா?

அதற்கு முந்தின ஞாயிறு ரீத்தாவும் ஈஸ்வரியும் குழுவுக்கு வந்தார்கள். பீட்டர் அண்ணன் ஒரு கண்டனத் தீர்மானத்தின் முதல் வரியையே கால் மணி நேரம் திருத்திக்கொண்டிருந்தார். ரீத்தா குனிந்து கால் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு, "அவரு குடுத்த பெஞ்சுல நான் உக்கார மாட்டனுங்கக்கா" என்றாள்.

திட்டம் போட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. மனசுக்குள் இருந்தது வாய்வழி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அப்ப நானும் உக்காருலைங்க" என்றாள் ஈஸ்வரி. "நம்ம மாடில எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடறேன். யாரும் ஒண்ணும் பேசவேண்டாம். நிக்கறதுதான் நமக்குப் பழக்கமாச்சே."

பீட்டர் அண்ணன் பேனாவை மூடி வைத்தார்.

ரீத்தாவின் வீட்டில் இது லேசில் முடியவில்லை. அவள் பெண் பங்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அந்த இடம் முதலாளியின் சிபாரிசில் கிடைத்தது. "வாங்கிக் குடுத்தவரு திருப்பி எடுக்க எத்தனை நேரமாகும்? நீ ஒருத்தி நின்னா உலகம் மாறிப்போகுமா?" என்று கணவர் சத்தம் போட்டிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். பயமாக இருக்கிறது என்றாள். உட்கார்ந்துவிடு கண்ணு, உன்னை யாரும் தப்பாக நினைக்கமாட்டோம் என்றேன். "காலைல வாரனுங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.

கோயிலுக்குள்

அப்படித்தான் அந்த இரண்டு வரிசை நின்றது.

முதலாளி கூப்பிய கையை மெதுவாகக் கீழே இறக்கினார். அதற்குள் பின்பக்கம் இருந்தவர்களுக்குக் குழப்பம் வந்துவிட்டது. நற்செய்தி முடியவில்லையோ, நாம்தான் அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டோமோ என்று சிலர் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். ஒவ்வொருவரும் எழும்போது வார்னிஷிலிருந்து துணி பிய்ந்து வருகிற சத்தம். பாடகர் குழு மொத்தமாக எழுந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துவிட்டது. கடைசியில் கோயிலில் பாதிப் பேர் எதற்கென்றே தெரியாமல் தொழிலாளர் உரிமைக்காக நின்றார்கள்.

ஃபாதரின் மறையுரை உழைப்பின் மாண்பைப் பற்றியது. நன்றாகத் தயாரித்திருந்தார். ஆனால் உழைக்கிறவர்கள் எதிரே நின்றுகொண்டு கேட்கும்போது அதைப் பேசுவது கஷ்டம்போலிருக்கிறது. இரண்டு தடவை தண்ணீர் குடித்தார், சட்டென்று முடித்துக்கொண்டார்.

ரீத்தாவின் கணுக்கால் கட்டு சேலைக்குக் கீழே தெரிந்தது. நான் முன்னால் குனிந்து, "நீ மட்டும் உக்காரு கண்ணு, போதும்" என்று காதில் சொன்னேன். திரும்பாமலே, "சும்மா இருங்கக்கா. கடைல நிக்கறதுக்கு இது எவ்வளவோ பரவால்லீங்க, ஃபேன் இருக்குது" என்றாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பொன்னாடைக்குப் போட்ட பந்தலில் முதலாளி அவர்களைக் கூப்பிட்டார். கோபத்தைவிட அதிகமாக மனசு நொந்துபோயிருந்தார். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? நானும் மொதல்ல ஜவுளிக்கடையில நின்னு வேலை செஞ்சவன்தான், தெரியுமா?"

ரீத்தாதான் பேசினாள். "தெரியுமுங்க. நீங்க அப்பறம் உக்காந்துட்டீங்க. நாங்க எப்பங்க உக்கார்றது?"

அன்று பொன்னாடை போர்த்தினார்கள்தான். கைதட்டியது பங்குப் பேரவை மட்டும்.

படிக்கட்டு

மறுநாள் காலையில் ரீத்தாவுக்கும் ஈஸ்வரிக்கும் சூபர்வைசர் போன் செய்து, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஈஸ்வரி வீட்டில் உட்காரவில்லை. நேராகக் கடைக்குப் போய் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளைப் பார்த்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் டவுன்பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் படிக்கட்டு முழுக்க ஊதாச் சேலை. ரீத்தா காலை நீட்டி, தூணில் சாய்ந்து இருந்தாள். அவளை உட்கார்ந்து பார்ப்பது எனக்கே புதுசாக இருந்தது.

காந்திபுரத்தில் கூட்டம் சேர இரண்டு காரணம் போதும், ஒன்று தள்ளுபடி, இன்னொன்று தகராறு. இரண்டும் இருப்பதாக நினைத்துப் பாதி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. போனில் படம் பிடிக்காத கையே இல்லை. பீட்டர் அண்ணன் பேனரோடு வந்து உரையாற்றத் தொண்டையைச் செருமினார். "அண்ணா, மொதல்ல தண்ணி வாங்கிட்டு வாங்க, வெயில் எச்சா இருக்குது" என்றாள் ஈஸ்வரி. எங்கள் குழுவின் சரித்திரத்தில் துணைச் செயலாளர் அல்லாத ஒருவர் குடிக்க எதையாவது வாங்கப் போனது அன்றுதான்.

போலீஸ் எஸ்.ஐ. வந்தார். நம் ஊர்க்காரர், விரட்டும்போதுகூட மரியாதைக்குக் குறைவிருக்காது. "ஏனுங்கம்மா, போற வர்றவங்களுக்கு வழி உட்டு உக்காருங்க" என்றார். கொஞ்சம் நகர்ந்து வழி விட்டார்கள். அந்த வழியாக ஒருவரும் கடைக்குள் போகவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் ஸ்கூட்டரில் ஃபாதர் வந்தார். முதலாளிதான் கூப்பிட்டிருக்கிறார், பெண்களிடம் பேசி எழுப்பிவிடும்படி. வெள்ளை அங்கியோடு படிக்கட்டுக்குக் கீழே நின்று ரீத்தாவின் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சிவப்பாக ஒரு திட்டு ஊறியிருந்தது. "இன்னுமா ரத்தம் வருது?" என்று கேட்டார். "நேத்து நின்னதுல மறுபடியும் வந்துருச்சுங்க ஃபாதர்" என்றாள் அவள். படியைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார். அழுக்காகுமே என்று யோசித்தது நன்றாகத் தெரிந்தது. பிறகு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதை மாடிக் கண்ணாடி வழியாக முதலாளி பார்த்திருக்கவேண்டும். அவர் இறங்கிவர அதற்குப்பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

பிறகு

இரண்டு பேரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வந்தது, பொம்மைகள் எழுந்து நின்றன. பாத்ரூமுக்கு யாரிடமும் கேட்கவேண்டியதில்லை என்றும் முடிவானது. ரீத்தாவின் பெண் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், அதை ஃபாதர் பார்த்துக்கொண்டார். ரீத்தாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது முதலாளி ஒரு கூடைப் பழமும் ஒரு போட்டோகிராபரும் அனுப்பினார். இப்போது கடை வாசலில் ஒரு பெரிய பேனர் இருக்கிறது. பணியாளர் நலனே எங்கள் பெருமை என்று எழுதி, கீழே ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்கும் பெண்களின் படம். நல்ல முதலாளி என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

எங்கள் குழுவுக்கு மட்டும் மறைக்கல்வி அறை கிடைப்பதில்லை. பராமரிப்பு வேலை நடக்கிறது என்கிறது பங்குப் பேரவை. இத்தனை மாதமாக அந்தச் சின்ன அறைக்குள் என்ன பராமரிக்கிறார்கள் என்பது அந்தச் சூசையப்பருக்கே வெளிச்சம். ஞாயிறுதோறும் என் வீட்டில் தையல் மிஷினை ஓரம் தள்ளிவிட்டுக் கூடுகிறோம். இந்துப் பெண்கள்தான் பாதிப் பேர். டீயை முறை வைத்துப் போடுகிறார்கள்.

போன மாதம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். மத்தியான நேரம், மாடியில் கூட்டம் இல்லை. ரீத்தா என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள், எழுந்த பிறகுதான் நான் என்று புரிந்தது. உட்காரு என்றேன். "இன்னும் பழகலீங்கக்கா" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள்.

அடுத்த கவுண்டரில் ஒரு புதுப் பெண். சேர்ந்து ஒரு வாரம்தானாம். சூபர்வைசர் அவளைக் கடந்து போனார். அவள் எழவே இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை மூடிவிட்டு ரீத்தா பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கக்கா, இந்த ஸ்டூலுக்கு சாய்மானமே இல்லீங்களே. இடுப்பு வலிக்குது. இதையெல்லாம் யாருகிட்டங்க சொல்றது?"

ரீத்தா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.